மாக்கோழியும் மாயக்கூடமும்

கொற்கை முத்தால் பாண்டிய நாடு பெற்ற புகழை நாம் அறிவோம். அம்முத்து எவ்வாறு பெறப்பட்டது என்பதை நாம் அதிகம் எண்ணுவதில்லை. தூத்துக்குடிக் கரையில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துச் சலாபங்களில், பார்களிலிருந்து எடுத்த சிப்பிகளைக் குவித்து, உள்ளிருக்கும் உயிர் அழுகி ஒழியுமாறு விட்டு, பின்னரே கழுவி முத்தெடுத்தனர். ஒரு நல்முத்துக்காக மாண்ட உயிர்கள் எத்தனையோ!

இன்றோ, தலையில் அணியும் கருவியொன்று இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காட்டி, தலை திரும்புந்தோறும் காட்சியையும் திருப்பி, அணிந்தவரைக் கடலடியில் நிற்பதாகவே உணரச் செய்கிறது. வெவ்வேறு ஊர்களில் இருப்போர் ஒரே காட்சிக்குள் புகுந்து அளவளாவவும் இயலும். ஒரு சிப்பியும் சாகாமல் அனைவரும் கூடி முத்துக் குளிக்கலாம். வேண்டுமாயின், கூடி வேட்டையாடலாம், போர் புரியலாம். "அங்கே உயிரே இல்லையே, பாவம் எங்ஙனம் வரும்?" என நம் இல்லத்து இளைஞர் வினவுகின்றனர். நேர்மையான வினாவே. விடை கூறுதல் நம் கடன்.

இவ்வினா நம் தமிழுக்குப் புதிதன்று. யசோதர காவியத்தில், தீக்கனவின் பயன் நீங்க உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். கொலைக்கு அஞ்சிய மன்னன் யசோதரன் மாவினால் செய்த கோழியைப் பலியிட உடன்படுகிறான். மாக்கோழியில் உயிர் இல்லை. ஆயினும் வாளை ஓங்கியபோது உள்ளத்தில் இருந்தது கொலை எண்ணம். அவ்வினையால் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். விருப்பு வெறுப்பு முதலியன உள்ளத்தில் எழுதலே இம்சை என்று அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் வரையறுத்தார். திரையில் வீழ்வது மாக்கோழி. வீழ்த்துவோன் மகிழ்ச்சி மெய்யானது. திரவிய இம்சை அங்கே இல்லை. பாவ இம்சை உண்டு.

அவ்வாறாயின் கருவியே தீதோ? துறைமுகத்தை நோக்குவோம். கப்பல் செலுத்தப் பயில்வோர் சிமுலேட்டர் அறையில் கூடி நின்று, புயலையும் இருளையும் எதிர்கொள்கின்றனர். மாலுமிப் பயிற்சி குறித்த பன்னாட்டு உடன்படிக்கை 1995ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றபோது, ராடார்ப் பயிற்சிக்கு இம்முறை கட்டாயமாயிற்று. அங்கே கப்பல் மோதினால் எவரும் மூழ்குவதில்லை. எனினும் பயில்வோர் பதறுகின்றனர். பிறர் உயிரைக் காக்கும் எண்ணம் அங்கே வளர்கிறது. கருவி ஒன்றே, பாவனை வேறு. சிப்பி திறந்து மூடும் அழகை வியந்து நோக்கும் குழந்தைக்கும், குவியல் பெருகப் பெருகக் களிக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

இனி, இத்தகைய இடத்தில் கூடுதல் கூட்டமாகுமா? 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் கைப்பேசி வழியே அபிஷேகம் கண்டு கண்ணீர் மல்கினோர் நம்மில் பலர். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு மணமக்கள் இருவர் மெட்டாவர்ஸ் அரங்கில் வரவேற்பு நடத்தினர். மறைந்த தந்தையின் உருவமும் அங்கே தோன்றி வாழ்த்தியது. இதனை எள்ளுதல் நமக்குத் தகாது. கல்லில் அருகனைக் கண்டு வணங்கும் நாம், உருவில் பொருளை நிறுவும் ஸ்தாபனா நிக்ஷேபத்தை ஏற்றவர்கள். இதே மாவட்டத்துக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ், அவற்றைச் செய்வித்த பல ஊரார் பெயர்கள் வட்டெழுத்தில் அருகருகே நிற்கின்றன. அதுவும் ஒரு கூட்டமே. ஆனால் திருவுருவம் பற்றினின்று விடுபடும் வழியைக் காட்டுகிறது. தந்தையின் உருவமோ, பிரிந்த உயிர் தன் வினைவழி சென்றுவிட்டதை மறக்கச் செய்யலாம். இவ்விடத்தில் விழிப்பு வேண்டும்.

சமவசரணத்தினும் சிறந்த கூடம் ஏது? பன்னிரு அவைகளில் தேவரும் மனிதரும் விலங்கும் பகையின்றி அமர்ந்தனர். அத்தகைய கூடம் அமைந்த பின்னும், ஏற்கத்தக்க கணதரராகக் கௌதமர் வரும்வரை 66 நாட்கள் மகாவீரரின் திவ்யத்வனி எழவில்லை என்பது நம் திகம்பர மரபு. கூடத்தின் சிறப்பு மட்டும் அறக்கூட்டத்தை உண்டாக்காது. கேட்போர் உள்ளமும் பக்குவப்பட வேண்டும்.

மேலும், நால்வகைத் தானங்களுள் அறிவுத் தானத்தைத் தொலைவிலிருந்தும் செய்யலாம். ஆகார தானத்தை அவ்வாறு செய்ய இயலாது. இரு கைகளையே கலமாக ஏந்தி நிற்கும் முனிவருக்கு, நாமே அருகில் நின்று உணவிட வேண்டும். அயலூரில் வாழும் பிள்ளைகளை மாயக்கூடத்தில் கண்டு மகிழ்வோம். அவர்களோடு அறநூல் பயில்வோம். ஆனால் அக்கூடத்தில் நாம் கொல்லும் மாக்கோழிக்கும் நம் வினைக்கணக்கில் இடம் உண்டு என்பதை மறவாதிருப்போமாக.