தாய் தகப்பனுக்குக் கட்டும் வீடு



ஜூலை மாதம் 26-ம் தேதி தேவமாதாவின் பெற்றோராகிய அர்ச்சியசிஷ்ட சுவக்கீன், அன்னம்மாள் திருநாள். அதையொட்டி ஜூலை மாதத்து நாலாம் ஞாயிற்றுக்கிழமையைப் பாட்டன் பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக 2021-ம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் ஏற்படுத்தினார். ஆனபடியால், குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஆலோசிக்கப்படும் ஒரு காரியத்தைப்பற்றி இன்று பேச விரும்புகிறேன். வயது சென்ற தாய் தகப்பனுக்காக, குடும்ப மனையிலேயே, பெரிய வீட்டை அடுத்து ஒரு சிறு வீடு கட்டுவதே அக்காரியம்.

நல்ல காரியந்தான். முதியோருக்கு அமைதி வேண்டும். பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும். ஒரே அடுப்பில் இரண்டு கை இருந்தால் சில வீடுகளில் சமாதானம் நிலைப்பதில்லை. ஆயினும் அதே நாலு சுவர், சங்கை செய்யும் வீடாகவும் இருக்கலாம், ஒதுக்கிவைக்கும் வீடாகவும் இருக்கலாம். செங்கல்லில் வித்தியாசமில்லை, கட்டுகிறவனுடைய கருத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது.

வேதாகமத்தில் இப்படிப்பட்ட ஒரு சிறு வீட்டைப்பற்றிப் படிக்கிறோம். சூனாம் ஊரில் இருந்த ஒரு ஸ்திரீ, அவ்வழியாய் அடிக்கடி வந்துபோன எலிசேயு தீர்க்கதரிசிக்காகத் தன் புருஷனோடு கலந்துபேசி, வீட்டு மேலே ஒரு சிறு அறை கட்டுவித்தாள். அதில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு ஆகிய நான்கையும் வைத்தாள். கவனியுங்கள்: படுத்துக்கிடக்க மட்டுமானால் கட்டில் போதும். மேசையும் நாற்காலியும் விளக்கும் எதற்கு? இந்த மனிதர் உட்காருவார், வாசிப்பார், இரவிலே விழித்து ஜெபிப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நாமோ பெற்றோருக்கு அறை கட்டும்போது கட்டிலோடு நின்றுவிடுகிறோம். அவர்கள் இன்னும் உயிரோடு வாழ்கிறவர்கள் என்பதை மறந்துபோகிறோம். ஆனால் மாடியில் கட்டிய மட்டும் அவளைப் பின்பற்றவேண்டாம். தீர்க்கதரிசிக்கு முழங்கால் வலி இருந்ததாக எழுதியிருக்கவில்லை!

சுவிசேஷத்திலும் பாருங்கள். இராயப்பருடைய மாமியார் கப்பர்நாவும் ஊரிலே அவர் வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்தாள். 1968-ம் ஆண்டு முதல் பிராஞ்சிஸ்கன் சபைக் குருக்கள் அவ்வூரில் நிலத்தைத் தோண்டி ஆராய்ந்தார்கள். கருங்கல் சுவர் எழுப்பிய சிறு அறைகள் பல, நடுவிலே எல்லோருக்கும் பொதுவான ஒரு முற்றம், இப்படியாக அக்காலத்துக் குடும்பங்கள் வாழ்ந்ததைக் கண்டார்கள். அறை வேறு, முற்றம் ஒன்று. சேசுநாதர் வீட்டுக்குள் வந்தவுடனே, அம்மாளுக்குச் சுகமில்லை என்று அவருக்குச் சொன்னார்கள். உடனே சொல்ல அவர்களால் எப்படி முடிந்தது? அவள் படுத்திருப்பது வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மனையில் அந்தச் சிறு வீடு எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு இதுவே அளவு: இரவில் தாய் இருமினால் மகன் காதில் விழவேண்டும்.

ஆகையால் மேஸ்திரி கயிறு பிடிப்பதற்கு முன், அங்கே குடியிருக்கப்போகிறவர்களைக் கேளுங்கள். "அம்மாவுக்கு என்ன தெரியும்" என்று சொல்லாதேயுங்கள். ஜன்னல் தெருவைப் பார்க்கவேண்டுமா, தான் வைத்த முருங்கையைப் பார்க்கவேண்டுமா என்பது அவளுக்குத்தான் தெரியும். வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு வையுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது இருக்கட்டும். கதவு மூன்றடி அகலம் திறந்தால் சக்கர நாற்காலி நுழையும். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அதில் வழுக்காத தரையும், சுவரில் கைப்பிடிக் கம்பியும், வெளிப்பக்கம் திறக்கும் கதவும் வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை யார் தள்ளுவது? முதியோர் பலருக்குச் சாவின் வழி ஒரு வழுக்கலில்தான் தொடங்குகிறது. ஊராட்சியிலோ நகராட்சியிலோ வாங்கவேண்டிய அனுமதியையும் முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

"சுவாமி, மனை அப்பா பேரில் இருக்கிறது, பணம் என்னுடையது, முதலில் எனக்கு எழுதிக்கொடுக்கட்டும்" என்று சிலர் சொல்லலாம். இங்கேதான் பிசாசு நுழைகிறான். 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் கிறீஸ்தவத் தகப்பனுடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மீதி ஆண் பெண் பேதமின்றி மக்களுக்குச் சமமாகவும் சேரும். ஆதலால் ஒரு மகன் மட்டும் பணம் போட்டுக் கட்டுவதாயிருந்தால், அக்கா தங்கைமார் உட்பட எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அன்பினால் கட்டிய வீடே பிற்பாடு வழக்குக்கு வித்தாகும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள். எங்களைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாய் எழுதுங்கள். 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். 2025-ம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருத்தி மகனுக்கு எழுதிக்கொடுத்த சொத்தை அவளுக்கே திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்புச் செய்தது. நீதி கிடைத்தது, ஆனால் பெற்ற மகன்மேல் வழக்குப் போட்ட தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நாலாம் கற்பனையை அநுசரித்திருந்தால் 23-ம் பிரிவுக்கு வேலையில்லை.

அந்தக் கற்பனை சிறு பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. சம்பாதிக்கிற வயதுவந்தவர்களுக்கே அதன் பாரம் அதிகம். தேவாலயத்துக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களைச் சேசுநாதர் கடுமையாய்க் கண்டித்தார். ஆகவே உங்கள் பங்குச் சுவாமியாராகிய நான் சொல்லுகிறேன்: தேர் அலங்காரத்துக்குப் பணம் கொண்டுவருகிறவன், தன் தாயின் குளியலறைக்குக் கைப்பிடி போடவில்லையானால், முதலில் அதைப் போட்டுவிட்டு வரட்டும். தேர் காத்திருக்கும்.

முதியோரும் பெரிய வீட்டு அடுப்பைச் சோதனை செய்யும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளுக்கு ஜெபமாலை சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்தை எடுத்துக்கொள்ளட்டும். அவர்கள் புத்தி மயங்கிப் பேசினாலும் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று சீராக் ஆகமம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுகிறது.

கடைசியாக, கல்வாரியை நினைத்துக்கொள்ளுங்கள். தலைசாய்க்க இடமில்லாத நமது ஆண்டவரால் தம் தாய்க்கு ஒரு வீடு எழுதிவைக்க முடியவில்லை. அவர் ஒரு மகனைக் கொடுத்தார். அருளப்பரும் அந்நேரமுதல் அவளைத் தம்மிடத்தில் ஏற்றுக்கொண்டார். நீங்கள் கட்டும் வீட்டில் தாய் எதிர்பார்த்திருப்பது பளிங்குத் தரையை அல்ல. மாலையில் வந்து பத்து நிமிஷம் அந்த நாற்காலியில் உட்காரும் மகனையே. இன்று நீங்கள் வைக்கும் வாசலில் நாளை உங்கள் காலே ஏறவேண்டியிருக்கும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அர்ச். சுவக்கீனும் அன்னம்மாளும் உங்கள் குடும்பங்களுக்காக மன்றாடுவார்களாக. சர்வேசுரன் உங்கள் பெரிய வீட்டையும் சிறு வீட்டையும் ஒன்றாகவே ஆசீர்வதிப்பாராக. ஆமென்.