துவக்கைக் கண்டு பயப்படாத முயல்

பழைய ரி.வி. நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச்சு எழுந்துவிட்டால் கொழும்பு அலுவலகங்களில் அரை மணிக்கு வேலை ஓடாது. ஒருவர் ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ என்று தொடங்குவார். இன்னொருவர் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று முயல் குரலில் இழுப்பார். கணக்குப் பிரிவில் இருக்கும் கறாரான மனிதர்கூடக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து சேருவார். கடைசியில் யாராவது பெருமூச்சு விட்டுச் சொல்வார்: ‘என்ன அருமையான காலம் அது!’ முயல் குரல் எனக்கும் நன்றாக வரும். அதுவரைக்கும் நானும் கலந்துகொள்வேன். அந்தக் கடைசி வசனம் வரும்போது மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போய்விடுவேன்.

முயல் அருமைதான். காலம் அப்படி இல்லை. மட்டக்களப்பில் வளர்ந்தவனுக்கு இதைவிட விளக்கம் தேவைப்படாது. ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு இது என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. ஒரு காலம் திரும்பி வரவே கூடாது என்று நினைக்கிறேன். அதே காலத்தின் ஒரு துணிப் பொம்மையை நினைத்தால் வாயெல்லாம் சிரிப்பு. இது எப்படி?

முயலின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. நிலையம் ஜப்பானிய உதவியில் எழுந்தது. கோபுரம் பீதுருதலாகலை உச்சியில் நின்றது. ரூபவாஹினியின் மொழிமாற்றுப் பிரிவை வளர்த்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’வுக்குப் படத்தொகுப்புச் செய்தவர், ‘ஹந்தயா’ என்ற சிறுவர் படத்தை இயக்கியவர். டொக்டர் டூலிட்டிலைத் ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ ஆக்கியதும் பக்ஸ் பனியை ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆக்கியதும் அவர்தான். வெளிநாட்டுக் காட்டூனின் வாயசைவுக்குள் தெற்கின் பேச்சையும் பகிடியையும் புகுத்தி, அமெரிக்க முயலைச் சிங்களக் கிராமத்தின் வாயாடியாக மாற்றிவிட்டார். 2011இல் அவர் இறந்தபோது தெற்கில் ஒரு தலைமுறையே தன் பிள்ளைப் பருவத்துக்குத் துக்கம் கொண்டாடியது.

இந்தச் சிங்களத்தில் ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது.

எங்கள் ஊர் ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில். கிழக்கே கடல். மேற்கே வாவி, அதற்கு அப்பால் படுவான்கரை. நான் ரி.வி. பார்க்கத் தொடங்கிய தொண்ணூறுகளின் நடுவில் வாவியின் இந்தக் கரை ஒருவரின் கையில், அந்தக் கரை இன்னொருவரின் கையில். எங்களுக்கு மின்சாரம் இல்லை. பெரியம்மா வீட்டில் 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று, உழவு மெசினிலிருந்து கழற்றிய பற்றரியில் ஓடியது. அன்ரெனாவைக் கமுகந்தடியில் கட்டி மேற்கே மலைப் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். காற்று அடித்தால் ஒருவர் முற்றத்தில் நின்று தடியைத் திருப்ப, உள்ளேயிருந்து ‘வருது, வருது... போயிட்டு!’ என்று கத்த வேண்டும்.

பற்றரி இறங்கும் விதத்தை இன்றும் மறக்க முடியவில்லை. முதலில் படம் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கும். நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் தடித்துக்கொண்டே வர, முயல் நடுவில் குறுகிக் குறுகி ஓடும். பெரியப்பா வயரைக் கழற்றிப் பற்றரியின் முனையைச் சாரத் தலைப்பால் துடைத்துத் திரும்பக் கொழுவுவார்; கொஞ்ச நேரம் முயல் கொழுக்கும். பிறகு முயல் ஒரு பக்கம், அதன் காது ஒரு பக்கம். கடைசியில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கதையின் முடிவை நாங்கள் பார்த்தது மிகவும் குறைவு. இதனால் ஒரு நன்மை உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

பற்றரியைச் சார்ஜ் பண்ணுவதற்குச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் சோதனைச் சாவடி. பற்றரி என்றால் அக்கரைக்குப் போகும் சாமான் என்ற சந்தேகம் உடனே வரும். ஒரு நாள் அண்ணனோடு நானும் போனேன். சாவடியில் நின்ற இளம் சிப்பாய் பற்றரியைத் துவக்கு முனையால் தட்டி ‘மே மொகத?’ என்றான். அண்ணனுக்கு வாய் வரவில்லை. நான் பயத்தில், தெரிந்த ஒரே சிங்களத்தைச் சொன்னேன்: ‘ரூபவாஹினி. ஹா ஹா ஹரி ஹாவா.’ அவன் சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்றவனிடம் முயல் குரலில் ஏதோ சொன்னான். எங்களைப் போகச் சொன்னார்கள்.

இதை நல்லிணக்கக் கதையாகச் சொல்லச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. சொல்ல மாட்டேன். அந்தச் சாவடியில் வேறு நாட்களும் இருந்தன, வேறு சைக்கிள்களும் வந்தன. எல்லோரும் முயலைச் சொல்லித் தப்பவில்லை.

பெத்தாவுக்கு, அதாவது எங்கள் பாட்டிக்கு, காட்டூன் பிடிக்காது. அவவுடைய நிகழ்ச்சி ‘ஒஷின்’. ஜப்பானின் என்.எச்.கே. 1983இல் தொடங்கிய தொடர். ஒரு மூடை அரிசிக்காகச் சிறுமி ஒருத்தி வேலைக்காரியாக அனுப்பப்படுகிற கதை. அதுவும் சிங்களத்தில்தான் பேசியது. பெத்தாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பனிக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்து, ‘பாவம், தாய்க்காரிக்கு ஏலாமத்தான் அனுப்பியிருப்பா’ என்று முந்தானையால் கண்ணைத் துடைப்பா. முயலுக்கு வந்ததும், ‘அந்த முயல் என்னத்தச் சொல்லுது மனே?’ என்று கேட்பா. அப்போதுதான் அண்ணனின் வேலை தொடங்கும்.

அண்ணன் என்றால் பெரியம்மாவின் மூத்த மகன். பள்ளிக்கூடத்தில் வடமோடிக் கூத்து ஆடியவன், குரல் உள்ளவன். முயல் சொல்வதைத் தமிழில் சொல்கிறேன் என்று அவன் அடித்து விட்டதெல்லாம் சொந்தச் சரக்கு. முயல் கரட்டைக் கடித்தபடி கேட்பது, ‘என்னடா மனே, ஐடென்ரிற்றிக் காட் எங்க?’ மொட்டைத்தலை வேட்டைக்காரன் துவக்கோடு வந்தால், கூத்தில் ராசா வரவு எடுப்பதுபோல் வாயாலேயே மத்தளம் அடித்து அவனைக் களரிக்குக் கொண்டுவருவான். முயல் துவக்குக் குழலுக்குள் விரலை விட்டு அடைக்கும். வேட்டைக்காரனின் முகத்திலேயே வெடிக்கும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். துவக்கைக் கண்டு பயப்படாத ஓர் உயிரை எங்கள் வயதில் நாங்கள் வேறு எங்கும் காணவில்லை. கரட் நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் மரக்கறி. பாதை பூட்டினால் சந்தைக்கு வராது. அந்த வகையிலும் முயல் எங்களைவிட வசதியானது.

பற்றரி இறங்கிய இரவுகளில் கதையின் மிச்சத்தை யார் முடிப்பது? அண்ணன் பொம்மை செய்தான். பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டு ஒன்றின் கையை வெட்டி உடம்பு. காதுக்குள் ஈர்க்கு. கண்ணுக்குக் குன்றிமணி. முன்பல்லுக்கு இரண்டு பூசணி விதை, விளாம்பிசினில் ஒட்டியது. வேட்டைக்காரனின் மொட்டைத்தலைக்குச் சிரட்டை எங்கும் கிடக்கும். கதவு நிலைக்குக் குறுக்கே சீலை கட்டிப் பின்னால் குப்பி விளக்கு. முயல் கையை உயர்த்தினால் சீலையில் நிழல் கூரை வரைக்கும் போகும்.

அமெரிக்காவில் ஜிம் ஹென்சன் 1955இல் தன் தாயின் பழைய கோட்டையும் ஒரு பிங்பொங் பந்தையும் வெட்டித்தான் கெர்மிட் என்ற தவளையின் முதல் உருவைச் செய்தார் என்று பின்னாளில் வாசித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை. கையை உள்ளே விட்டு வாயைத் திறந்தவுடன் கந்தல் துணிக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. கோட்டோ சேட்டோ, அது பொருட்டில்லை. அம்பலாங்கொடையில் நூலில் ஆடும் ரூகடப் பொம்மைகளைப் பார்த்தபோதுதான் உண்மையில் திகைத்தேன். 2018இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறிய கலை. பொம்மை ராசா ஆட்டத்துக்கு வரும் தோரணையும் பாட்டின் இழுப்பும் எங்கள் அண்ணாவிமாரின் களரியை அப்படியே நினைவூட்டின. காரணம் இருக்கிறது: அந்தப் பொம்மைகள் ஆடுவது நாடகம என்ற பழைய சிங்கள அரங்கின் வழியில், அது தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. தெற்கின் காட்டூனுக்கு அண்ணன் வடமோடி வரவு வைத்தது ஒருவகையில் பழைய கடன் திரும்பியதுதான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் சேர்ந்து, போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காகத் திறந்த இடம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் பூசினார்கள், கதை கட்டினார்கள். விளையாட்டை வைத்துக் காயம் ஆற்றும் அந்த முறையைப் பற்றி வெளிநாட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அங்கே போனதில்லை. போனவர்கள் மேல் பொறாமை இருந்தது. எங்கள் சீலைத் திரைக்கு ஆய்வாளர் யாரும் வரவில்லை.

இனிக் காலத்துக்கு வருகிறேன். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். செப்ரெம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாம். செப்ரெம்பர் 9 சத்துருக்கொண்டான். ஆறு கிழமைக்குள் இவ்வளவு படுகொலையும். எனக்கு அப்போது ஆறு வயது. பிறகு வந்த வருடங்கள் இவற்றின் மேல்தான் நடந்தன: பங்கர், சுற்றிவளைப்பு, ஆள்காட்டும் தலையாட்டி, ஆள்சேர்ப்பு. ‘அருமையான காலம்’ என்று நானும் தலையாட்டினால், முயலுக்காக இத்தனையையும் வெள்ளையடித்தவன் ஆவேன். சரி, காலம் கெட்டது என்பதற்காக முயலையும் தூக்கி எறிய வேண்டுமா? எங்கள் எழுத்தில் இந்தப் பழக்கம் உண்டு. போர்க்காலப் பிள்ளை என்றால் அழுதுகொண்டேதான் இருக்க வேண்டும். சிரித்த பின்னேரங்களைச் சொன்னால் துன்பத்தைக் குறைத்துச் சொல்கிறான் என்று ஒரு சந்தேகம். நான் சிரித்தேன். நிறையவே சிரித்தேன். அந்தக் கணக்கைக் காலத்தின் பெயரில் எழுத மறுக்கிறேன். அதைத் தந்தது காலம் அல்ல. ஒரு பதினைந்து வயதுப் பொடியனும் ஒரு கிழவியும் கொஞ்சம் விளாம்பிசினும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சுகம் எங்கே தெரியும் என்று போனைக் காட்டி வைபவர்களோடும் எனக்கு ஒத்துவருவதில்லை. என் மகன் போனில் காட்டூன் பார்க்கிறான். பற்றரி இறங்கினால் செருகிவிட்டுத் தொடர்ந்து பார்க்கிறான். நல்லதுதானே. அந்த ஒடுங்கிய படத்தை அவனுக்கு ஏன் பரிசாகக் கொடுக்க வேண்டும்?

சிங்களம் படித்த பிறகு பழைய ஹரி ஹாவாவை யூரியூப்பில் தேடிப் பார்த்தேன். தொட்டவத்த கெட்டிக்காரர், பகிடி இப்போதும் நிற்கிறது. ஆனால் எனக்கு அது முன்பின் தெரியாத முயல். ஐடென்ரிற்றிக் காட் கேட்கவில்லை. கதைகள் முடிந்தன, அது வேறு ஏமாற்றம். படம் பாதியில் ஒடுங்கிப்போனதால் வந்த நன்மை என்று சொன்னேனே, அது இதுதான்: எங்கள் கதைகள் முடிந்ததே இல்லை, ஒவ்வொரு முறையும் வேறு முடிவு கட்டலாம்.

அண்ணன் இப்போது சுவிஸில். இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னபோது அவனும் சந்தோசப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: ‘உனக்கு அது விளையாட்டு. எனக்கு அது வேலைடா. செல்லடிச்சா சின்னனுகள் கத்துங்கள், நீ என்னத்தையாவது காட்டு மனே எண்டு பெத்தாதான் சொன்னா. முயலக் கையில போட்டுக்கொண்டு நான் ரோட்டில வாகனச் சத்தம் கேக்குதா எண்டுதான் கேட்டுக்கொண்டிருப்பன்.’ அவன் வயது அப்படி. அந்த வயதுப் பொடியன்மாரை இரண்டு பக்கமும் தேடினார்கள். சீலைக்கு முன்னால் நான் இருந்தேன், பின்னால் அவன் இருந்தான். இடையில் ஒரு முழத் துணி.

சேட்டுக் கையை வெட்டியதற்குப் பெரியம்மாவிடம் அடி வாங்கியதும் அவன்தான். அதை மட்டும் சிரித்துக்கொண்டு சொன்னான்.

மார்கழி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறான். என் மகன் இப்போதே பழைய வெள்ளைச் சேட்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறான், பெரியப்பா வந்தால் முயல் செய்வார் என்று. முயல் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஏன் பற்றரி, ஏன் சாவடி, ஏன் குப்பி விளக்கு என்பதையும் சேர்த்தே அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். இதையும் சொல்லிவிட்டேன்: ‘பெரியப்பாட்டக் கேக்காத. அவராச் செய்தா இருந்து பார். செய்யாட்டி விடு.’ அவனுக்குத் திருப்தி இல்லை. ‘அப்ப நீங்க செய்யுங்க’ என்கிறான். சிரட்டை இருக்கிறது, குன்றிமணி எடுக்கலாம். விளாம்பிசினுக்கு ஆள் பார்க்க வேண்டும்.