ஊர்ச் சடங்கும் ஆகம விதியும்

நம் பிள்ளைகளுக்குச் சைவநெறி கற்பிக்கும் ஆசிரியர்கள் பலகாலும் எதிர்ப்படுகின்ற ஓர் இடர்ப்பாட்டை இங்கே ஆராய எடுத்துக்கொண்டோம். பாடப்புத்தகத்திலே திருக்கோயில் என்னும் பாடம் வருகின்றது. கருப்பக்கிருகம், அர்த்தமண்டபம், பலிபீடம், கொடித்தம்பம் என்பனவும், நித்தியம் நைமித்தியம் காமியம் என்னும் பூசை வகைகளும், சிவாசாரியரின் இலக்கணமும் முறையே சொல்லப்படுகின்றன. அதனைக் கேட்டிருக்கும் பிள்ளையோ, வைகாசி மாதத்திலே சில நாட்களுக்கு மாத்திரம் கதவு திறக்கப்படும் ஒரு கண்ணகையம்மன் கோயிலின் அயலிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. அங்கே கொடித்தம்பம் இல்லை. வடமொழி மந்திரம் இல்லை. பூசை செய்பவர் கப்புகனார். "எங்கள் கோயில் சைவக்கோயில் அன்றோ?" என்று அப்பிள்ளை வினாவுமாயின், ஆசிரியர் யாது விடை கூறுவர்?

எளிதாகிய விடைகள் இரண்டு உள. அது சிறுதெய்வ வழிபாடு, கல்லாதார் செய்வது, காலஞ்செல்ல ஒழியும் என்பது ஒன்று. முன்னோர் செய்தன யாவும் நல்லனவே, அவற்றை ஆராய்தல் அபசாரம் என்பது மற்றொன்று. முன்னைய விடை பிள்ளையின் தாயையும் பாட்டியையும் ஒரு சொல்லாலே சைவத்தின் புறத்தே தள்ளிவிடுகின்றது. பின்னையது, கடாவின் கழுத்திலே விழும் கத்திக்கும் அரண் செய்கின்றது. இரண்டும் ஆராயாது கூறும் விடைகளே.

முதலிலே, இகழப்படுவது யாது என்பதை உள்ளவாறு காண்போம். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலே காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், வந்தாறுமூலை முதலிய ஊர்களிற் கண்ணகையம்மனுக்கு எடுக்கப்படும் வைகாசிச் சடங்கு கதவு திறத்தலோடு தொடங்குகின்றது. கலியாணக்கால் நடப்படுகின்றது. கண்ணகி வழக்குரை, நாடோறும் கூடியிருந்து கேட்கும் அடியார் முன்னே பாடப்படுகின்றது. நிறைவு நாளிலே குளிர்த்தி. மதுரையை எரித்த சீற்றம் தணியாது வந்தாள் அம்மை என்பது அடியார் கொள்கை. அச்சீற்றம் தணியும்படி குளிர்த்திப் பாடல் பாடி நீரினாலே அவளைக் குளிரச் செய்கின்றார்கள். அந்நீரையே அடியார் மேலும் தெளிக்கின்றார்கள். கச்சான் காற்று வீசி நிலம் காய்ந்து, அம்மை நோயும் கொப்புளிப்பானும் பரவுங் காலத்திலே இது நிகழ்வது கருதத்தக்கது. பெரியம்மை நோய் உலகிலிருந்து ஒழிந்ததென 1980 இல் அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று, இனிச் சடங்கு எதற்கு என்பாரும் உளர். அவர்கள் குளிர்த்தியை ஒரு மருந்தென மாத்திரம் எண்ணினர் போலும். அநீதியினாலே எழுந்த சீற்றத்தை, அஞ்சி ஓடாமலும் அடக்க முயலாமலும், ஊர் முழுதும் கூடிநின்று இரந்து தணிவித்தல் என்னும் அறம் அச்சடங்கினுள்ளே இருக்கின்றது. முப்பதாண்டுப் போரினைக் கண்ட நம் நாட்டிலே இதனினும் பொருந்திய வழிபாடு ஒன்றை நாம் அறியோம்.

வன்னியிலே முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே கடல்நீர் கொண்டு விளக்கெரித்து, அங்கிருந்து வற்றாப்பளைக்குச் சென்று வைகாசி விசாகப் பொங்கல் செய்யும் வழக்கமும் இவ்வகையினதே. கிழக்கின் கொம்பு விளையாட்டைப் பற்றியும் ஒரு சொல். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி என ஊர் இரண்டாகப் பிரிந்து, கொளுவிய கொம்புகளை முறியும்வரை இழுக்கும். பத்தினித் தெய்வத்தை வணங்கும் சிங்கள மக்களிடத்தும் இவ்விளையாட்டு உண்டு. கப்புகனார் என்னும் பெயரும் அவர்களுடைய கப்புறாளை என்பதும் ஒன்றையொன்று நினைப்பூட்டுவன. சிலப்பதிகாரத்திலே இலங்கைக் கயவாகு வேந்தன் கண்ணகி விழாவிற் காட்டப்படுவதை ஆசிரியர்கள் அறிவர்.

இனி, நாவலர் பெருமான் கண்ணகி வழிபாட்டைச் சைவருக்கு உரியதன்று என மறுத்தார் என்பது யாவரும் அறிந்தது. யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பிற்காலத்திலே இராஜராஜேஸ்வரி முதலிய திருநாமங்களைப் பெற்றமைக்கு அக்கண்டனமும் ஒரு காரணமாகும். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பிறசமயப் பிரசாரத்தின் நடுவிலே சைவத்துக்கு நிலைக்களம் அமைத்த அவர்க்கு, எதிரிகள் கைநீட்டி இகழக்கூடிய எதனையும் நம்மிடத்தே விடலாகாது என்னும் கவலை இருந்தது. அக்கவலை நியாயமானது, உயிர்ப்பலியை அவர் கண்டித்தது என்றும் போற்றத்தக்கது. ஆயினும் பலியைக் கண்டித்த அளவுகோலையே கண்ணகிக்கும் வைத்தது நமக்கு உடன்பாடன்று. சிலப்பதிகாரம் முழுமையாக அச்சேறியது 1892 இல். நாவலர் சிவபதமடைந்தது 1879 இல். அந்த 1892 ஆம் ஆண்டிலேதான் கண்ணகையம்மன் கோயிலுடைய காரைதீவிலே விபுலாநந்த அடிகள் பிறந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் ஆராய்ச்சியிலிருந்தே அவருடைய யாழ்நூல் வளர்ந்தது. கற்றோர் ஏட்டிலே தேடிக்கொண்டிருந்த கதையை, கல்லாதார் எனப்பட்டோர் ஆண்டுதோறும் கோயில் முன்றிலிலே பாடிக் காத்திருந்தனர் என்பதை மறத்தல் தகாது.

எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் சிவபெருமானே என்பது சிவஞானசித்தியாரின் துணிபு. இதனைக் கொண்டு எல்லாச் சடங்குகளையும் தழுவிக்கொள்ளலாம் என்பார் உளர். அது பொருந்தாது. வழிபாட்டை ஏற்பவன் யார் என்பதையே அந்நூல் உணர்த்துகின்றது. இடுவன யாவும் தகும் என்று உணர்த்தவில்லை. மகன் கொடுப்பதைத் தந்தை அன்பினால் ஏற்பான். அயலான் தோட்டத்திலே திருடிக் கொடுத்தால் ஏற்பானோ?

வேள்வி என்னும் பெயரால் வைரவர் கோயில்களிலும் காளி கோயில்களிலும் கடாவும் சேவலும் வெட்டும் வழக்கத்தை இங்கே நோக்குவோம். 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2018 இல் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்ட யோசனைக்கு அமைச்சரவை இணங்கிற்று. சட்டம் எவ்வாறாயினும் ஆகுக. அறம் யாது என்பதே நம் வினா. பலியை ஆதரிப்போர் கண்ணப்ப நாயனாரைச் சான்று காட்டுவர். காளத்தியப்பருக்கு ஊன் படைத்தவரை அறுபத்துமூவருள் ஒருவராகக் கும்பிட்டுக்கொண்டு, எங்கள் கடாவை மாத்திரம் தடுப்பது என்ன நீதி என்பர். வினா வலியது, பலர் இதற்கு விடை சொல்லாது நழுவுவர். நாயனார் படைத்தது வேட்டுவராகிய தாம் உண்ணும் உணவு. தாம் சுவைத்து, இனியன தெரிந்து, இறைவன் பசித்திருப்பானே என்னும் பரிவினாலே படைத்தார். அங்கே நேர்த்தி இல்லை. இன்னது தந்தால் இன்னது தருவேன் என்னும் பேரம் இல்லை. இறைவன் திருக்கண்ணிலே உதிரம் பெருகக் கண்டபோது அவர் வேறோர் உயிரின் கண்ணைத் தேடிச் சென்றாரோ? தமது கண்ணையன்றோ அகழ்ந்தார். வேள்விக் கடாவோ, ஒருவன் பெற்ற நன்மைக்கு மற்றோர் உயிர் கொடுக்கும் விலையாகும். தன் கடனைத் தான் இறுக்காமல் வாயில்லாப் பிராணியைக் கொண்டு இறுப்பித்தல் அன்பின் செயலன்று. திருவள்ளுவர் புலான்மறுத்தலிலே வேள்வியையும் உயிர்செகுத்து உண்ணாமையையும் ஒப்புநோக்கி எதனை மேலென்றார் என்பதை நாம் எடுத்தெழுத வேண்டுவதில்லை.

ஆயினும் அப்புராணத்திலே நாம் விரைந்து கடந்துசெல்லும் பகுதி ஒன்றுண்டு. சிவகோசரியார் ஆகம விதி தவறாத அருச்சகர். ஊன் கிடக்கக் கண்டு அவர் பதைத்தது குற்றமன்று. இறைவன் அவர் கனவிலே தோன்றி, நாளை மறைந்திருந்து அவன் செயலைக் காண்பாயாக என்று பணித்தான். கண்ணப்பருக்கு ஆகமம் கற்பிக்கும்படி சிவகோசரியாரை ஏவவில்லை. ஆகமத்தை விட்டுவிடும்படி அவரிடம் சொல்லவும் இல்லை. காண்பாயாக என்பதே கட்டளை. ஊர்ச் சடங்கைத் திருத்தப் புறப்படும் நம்மவருள் எத்தனைபேர் அச்சடங்கு முடியும்வரை ஒரு மூலையில் நின்றேனும் கண்டிருக்கின்றனர்?

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லாது விடல் ஆகாது. கதிர்காமத்திலே பூசை செய்பவர் கப்புறாளை. திரைக்கு அப்பால் வாய்கட்டி மௌனமாகப் பூசை நிகழ்கின்றது. அங்கே ஆகமக் கிரியை இல்லை. வேடர் குலத்து வள்ளியம்மையின் பெயரோடு அத்தலம் பிரியாது நிற்கின்றது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வாய்கட்டிப் பூசை செய்யும் வழக்கமே உள்ளது. இவ்விரண்டும் சைவத் தலங்கள் அல்ல என்று கூறத் துணிவார் எவருமிலர். கால்நடையாக நடந்து சென்று வணங்குகின்றோம். பெருந்தலமாயின் அதற்கு மௌன பூசை என்று பெயர். குளக்கரையிலே வேம்பின் கீழ் இருந்தால் விதியில்லாப் பூசை. இவ்வேறுபாடு சாத்திரத்திலிருந்து வந்ததன்று; யார் கும்பிடுகின்றனர் என்பதைப் பார்த்து வந்தது.

இது நம்மை வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்கின்றது. 2009 இன் பின், போரினால் இடம்பெயர்ந்து மீண்ட ஊர்களிலே கோயில்கள் பல புதிதாக எழுந்தன. புலம்பெயர்ந்தோர் பொருளனுப்பினர். கோபுரம் எழுந்தது, கும்பாபிஷேகம் நிகழ்ந்தது, சிவாசாரியர் வந்தார். இவை மகிழத்தக்கனவே. ஆனால் தலைமுறை தலைமுறையாக மடை பரவி, பொங்கிப் படைத்து, போர்க்காலத்திலும் விளக்கு அணையாது பார்த்த பூசாரியார் குடும்பம் எங்கே நிற்கின்றது? பலவிடங்களிலே வெளிவீதியில் நிற்கின்றது. பெரிய கோயில்களுள் ஒருகாலத்திலே புகவும் விடப்படாத மக்களுக்கு இச்சிறு கோயில்களே தம் கையாற் பூச்சாத்தி வணங்கும் இடமாய் இருந்தன. கோயிலை உயர்த்தும்பொழுது அவர்களை இறக்குதல் என்ன புண்ணியம்? 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபின்னும் 1968 இல் மாவிட்டபுரத்திலே கோயிற்பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்ததை இந்நாட்டுச் சைவர் மறக்கலாகாது. அன்று கதவை அடைத்தோர் சொன்ன சொல் "வழமை" என்பது. இன்று கடாவை வெட்டுவோர் சொல்லுவதும் அதுவே. ஆகவே ஒரு வழக்கம் பழையது என்பதனாலே மாத்திரம் அதற்கு நன்மை ஏறிவிடாது. ஆகம நூலிற் காணப்படாமையாலே தீமை ஏறிவிடவும் செய்யாது. அதனால் ஓர் உயிர் வருந்துகின்றதா, ஒரு மனிதன் தாழ்த்தப்படுகின்றானா என்று பார்த்தல் வேண்டும். குளிர்த்தி இவ்விரண்டு குற்றமும் அற்றது. வேள்வி முதலாவதிலே வீழ்கின்றது. பூசாரியாரை வெளியேற்றிச் செய்யும் கும்பாபிஷேகம், எத்துணை விதிப்படி நிகழினும், இரண்டாவதிலே வீழ்கின்றது. இதனைக் கூறுதல் சிலருக்குக் கசக்கும்.

வேள்வியை நீக்கும் முறையிலும் கருத்து வேண்டும். பிள்ளை நோயுற்றபோது கடா நேர்ந்த தாய், அதனைக் கொடாவிடின் தெய்வம் பிள்ளையை வருத்துமோ என்று நடுங்குவாள். அவளைக் காட்டுமிராண்டி என்று மேடையிலே வைதல் எளிது. தாயினும் பரிந்தூட்டும் இறைவன், நேர்ந்த கடாவை உயிரோடு விட்டதற்காக உன் பிள்ளையைத் தண்டிப்பானோ என்று அவள் பக்கத்திலிருந்து சொல்லுதல் அரிது. கடா நீங்கிய கோயில்களிலே நீற்றுப்பூசணிக்காயை வெட்டியும், வளந்து வைத்துப் பொங்கியும், மடை பரவியும் நேர்த்தி கழிக்கின்றார்கள். பறையும் உடுக்கும் வேப்பிலையும் அங்கே முன்போலவே உள. இவற்றையும் கடாவோடு சேர்த்துத் துரத்துவோர், அவளுடைய அச்சத்தை நீக்கவில்லை. அவளைத் தெய்வத்தினின்றும் நீக்குகின்றார்கள்.

ஆதலின் அப்பிள்ளைக்கு ஆசிரியர் கூறத்தக்க விடை, உன் கோயில் சைவக்கோயிலே என்பது. நம் சாத்திரங்கள் வகுத்த நால்வகை நெறியுள், கோயில் முற்றம் மெழுகுதலும் பூக்கொய்தலும் விளக்கிடுதலும் சரியையாம். அப்பிள்ளையின் ஊரவர் வைகாசியிலே செய்வது பெரும்பாலும் அதுவே. இவ்விடையைச் சொல்லியபின் ஆகமக் கோயிலின் அமைப்பையும் அப்பிள்ளைக்குக் குறைவறக் கற்பித்தல் வேண்டும். ஒன்றை மதித்தல் மற்றொன்றைக் கல்லாதிருத்தற்கு ஏதுவாகலாகாது.

வைகாசி வருமுன்னே, மேல்வகுப்பு மாணாக்கரைக் கப்புகனாரிடத்தும் பூசாரியாரிடத்தும் அழைத்துச் சென்று, அவர் அனுமதி பெற்று, சடங்கின் ஒழுங்கை எழுதிவைக்கச் செய்தல் நலம். வித்துவான் வி. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரை 1968 இல் வெளிவந்தது. பாடல் அவ்வாறு காக்கப்பட்டது. இராகமும், எந்த வரியிலே உடுக்கு நிற்கும் என்பதும், குளிர்த்தி நீர் எவ்வாறு கூட்டப்படும் என்பதும் அச்சிலே வாரா. அவற்றை அறிந்த முதியோர் ஊருக்கு ஒருவர் இருவரே இருப்பர். அவர்கள் நம் மாணாக்கருட் சிலருக்குப் பாட்டனாராகவும் இருத்தல் கூடும்.