பெயர் பெறாதவனின் கத்தி

ஒரு மடக்குக் கத்தியை நல்லது என்றோ தீயது என்றோ சொல்வதில் அறநெறிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு கருவி. பழம் நறுக்கவும், கயிறு அறுக்கவும், பென்சில் சீவவும் பயன்படுவது. பிடிக்கவில்லையெனில் வேறொன்றை வாங்கிக்கொண்டால் போயிற்று என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தக் கத்தியைச் செய்தவன் இதுவரை எவரும் கேள்விப்பட்டிராத புதியவன் என்று வைத்துக்கொள்வோம். அவனைப் பற்றி நாம் சொல்லும் ஒரு சொல் அவனுடைய அடுப்பை எரியவும் வைக்கும், அணையவும் வைக்கும். இப்போது வினா அவ்வளவு சிறிதாகத் தோன்றவில்லை.

சமையலறைக் கத்தி ஒரே துண்டு இரும்பு. அதில் பிழை இருந்தால் பெரும்பாலும் மழுங்கிப்போகும், அவ்வளவே. மடக்குக் கத்தியோ அசையும் உறுப்புகளைக் கொண்டது. அலகு ஓர் அச்சாணியில் சுழல்கிறது. முதுகிலுள்ள எஃகு வில்லோ, உள்ளே பொருந்திய பூட்டோ அதனைத் திறந்த நிலையில் நிறுத்தி வைக்கிறது. வில் தளர்ந்தால், பூட்டு நழுவினால், அலகு மூடிக்கொள்வது பிடித்திருக்கும் கையின் விரல்கள் மீதே. ஆகவே ஒருபுறம் வாங்குபவரின் விரல். மறுபுறம் செய்தவனின் வயிற்றுப்பாடு. இவ்விரண்டில் எதற்கும் தீங்கு நேராமல் தீர்ப்புரைப்பது எப்படி என்பதே நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

இத்தகைய நேரத்தில் மனிதர்கள் காலங்காலமாகப் பெயரைத் தேடியே போயிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இதற்குப் பெயர் போனது. அங்கே 1624-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக ஹாலம்ஷயர் கத்தித் தொழிலோர் சங்கம் அமைந்தது. தொழில் செய்வோர் தத்தமக்குரிய முத்திரையைச் சங்கத்தில் பதிந்து, அதனைத் தாம் செய்த அலகில் பொறித்தனர். கத்தி பழுதானால் பழி யாரைச் சேரும் என்பதை அந்தச் சின்னஞ்சிறு பொறிப்பு சொல்லிவிடும். ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் விண்மீனும் மால்டாச் சிலுவையும் இவ்வாறு உலகெங்கும் போய்ச் சேர்ந்த முத்திரைகளுள் ஒன்று.

எனினும் முத்திரை இட்டவரே கத்தியைச் செய்தார் என்று பொருளில்லை. ஷெஃபீல்டில் வாடகைக்கு எடுத்த சிறு பட்டறைகளில் அமர்ந்து பெரிய நிறுவனங்களுக்காக உழைத்த கைவினைஞர்கள் பலர். காய்ச்சி அடித்தவர் ஒருவர், சாணையில் தேய்த்தவர் வேறொருவர், பிடி பொருத்தியவர் மற்றொருவர். கல்லின் தூசியையும் இரும்பின் தூசியையும் மூச்சோடு உள்ளிழுத்து, நெஞ்சு நோயால் இளம் வயதிலேயே மாண்டுபோன சாணைத் தொழிலாளிகள் அந்நகரில் கணக்கற்றோர். முத்திரையில் அவர்கள் பெயர் இல்லை. அது சொன்னதெல்லாம், இதற்குப் பொறுப்பு நான் என்பதே. இதுவும் சிறிய வாக்குறுதியன்று.

அந்த வாக்குறுதியைத் திருடியவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துச் சரக்குகள் சில ஷெஃபீல்டுப் பெயரைத் தாங்கி விற்கப்பட்டன. 1887-இல் பிரிட்டன் வணிகச் சரக்குக் குறிகள் பற்றிய சட்டம் இயற்றியதற்கு இத்தகைய குறைபாடுகளும் ஒரு காரணம். காலம் திரும்பியது. ஸோலிங்கனே புகழ் பெற்று, தன் பெயரைப் பிறர் எடுத்தாள்வதைத் தடுக்க 1938-இல் தனிச் சட்டம் தேடவேண்டியதாயிற்று. பிரான்சு நாட்டின் தெற்கில் லாகியோல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் பெயராலேயே ஒரு மடக்குக் கத்தி வகை உலகப் புகழ் பெற்றது. ஆனால் அப்பெயர் தாங்கிய கத்திகளில் பெரும்பகுதி தியேர் நகரிலும் அயல்நாடுகளிலும் உருவாகின்றன. 1993-இல் அவ்வூரைச் சாராத ஒருவர் அப்பெயரையே வணிகக் குறியாகப் பதிந்துகொண்டார். 2012-இல் நீதிமன்றத் தீர்ப்பு ஊருக்கு எதிராக வந்தபோது, ஊரார் எதிர்ப்பின் அடையாளமாகத் தம் ஊர்ப் பெயரையே துறப்பதாக அறிவித்தனர். பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

பழம் பெயரின் நிலையே இதுவாயின், பெயரே இல்லாதவனை என்ன செய்வது? நம்மில் பலர் இரண்டிலொரு வழியில் போகிறோம். யாரென்று தெரியாது, ஆகவே வேண்டாம் என்று ஒதுக்குவது ஒரு வழி. புதியது, எங்கும் பேசுகிறார்கள், ஆகவே வேண்டும் என்று பாய்வது மற்றொரு வழி. இரண்டிலும் கத்தியை எவரும் பார்க்கவில்லை.

ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களை ஆராய்ந்த முறையை நம் வாசகர்கள் அறிவார்கள். ஒருவருடைய பெயர் தெரிந்தும், அவரிடமிருந்து ஒருவர் மட்டுமே அறிவித்திருந்தால் அவரை 'மஜ்ஹூலுல் ஐன்' என்றார்கள்; ஆளே இன்னார் என்று தெளிவாகாதவர். இருவர் அறிவித்து ஆள் தெளிவாகியும், அவருடைய நம்பகத்தைப் பற்றி எவரும் தீர்ப்புரைக்கவில்லையெனில் 'மஜ்ஹூலுல் ஹால்' என்றார்கள், நிலை அறியப்படாதவர். இவர்களைப் பொய்யர் வரிசையில் அவர்கள் வைக்கவில்லை. மெய்யர் வரிசையிலும் வைக்கவில்லை. அறியாதவரை அறியாதவர் என்றே எழுதி வைத்தார்கள். கத்தி வாணிபத்தை அந்தப் பெருங்கலையோடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ள வேண்டா; அந்த முறையிலுள்ள நேர்மையையே சுட்டுகிறோம். புதிய கத்திக்காரனைப் பற்றியும் இவ்விரு வினாக்களும் தனித்தனியே எழுகின்றன: இவன் யார் என்பது ஒன்று, இவன் எப்படிப்பட்டவன் என்பது மற்றொன்று.

இரண்டாவது வினாவுக்குக் கத்தியே ஓரளவு விடை சொல்லும், கேட்கத் தெரிந்தவருக்கு. பூட்டில்லாத, வில் மட்டும் உள்ள கத்தியை எடுத்துக்கொள்வோம். அதனை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்க்கலாம். பிறகு அலகைத் திறந்த நிலையிலும், பாதி திறந்த நிலையிலும், மூடிய நிலையிலும் வைத்து முதுகை விரலால் தடவ வேண்டும். மூன்று நிலையிலும் வில் பிடியின் முதுகோடு மேடு பள்ளமின்றி நின்றால், செய்தவன் பொறுமைசாலி. ஏனெனில் அலகின் அடிப்பகுதியிலுள்ள மூன்று பக்கங்களும் அச்சாணித் துளையிலிருந்து சரியான தொலைவில் அமைந்தால்தான் அது கைகூடும். அரத்தை ஒருமுறை கூடுதலாக இழுத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மெருகிட்டு மறைக்க இயலாத இடம் அது. பிடியின் மேல் பதித்த முத்துச் சிப்பியும் மான் கொம்பும் இதைப்போல் உண்மை பேசுவதில்லை.

திறந்த அலகின் நுனியைப் பற்றி இருபக்கமும் மெல்ல அசைத்தால் அச்சாணியின் இறுக்கம் தெரியும். மூடியபின் அலகு நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கத் தகட்டில் உரசுகிறதா என்பதைக் கண்ணே சொல்லும். மெல்லிய பருத்தித் துணியை மூடிய கத்தியின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் நுனி முழுவதும் உள்ளே புதையவில்லை என்று பொருள். பூட்டுள்ள கத்தியாயின், விரல்களை அலகின் வழியிலிருந்து நன்றாக விலக்கி வைத்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் அழுத்திப் பார்க்கலாம். ஓங்கி அடித்துச் சோதிப்பது வீரமன்று. எந்தக் கத்தியும் அதற்காகச் செய்யப்படவில்லை.

புதுக் கத்தியின் கூர்மையைக் கண்டு மயங்குவோர் மிகப் பலர். தாளை அறுத்துக் காட்டுகிறார்கள், மயிரைச் சிரைத்துக் காட்டுகிறார்கள். நல்ல சாணைக்கல் கிடைத்தால் மட்டமான இரும்பையும் ஒரு நாளைக்குக் கூராக்கிவிடலாம். அந்தக் கூர் எத்தனை நாள் நிற்கும் என்பது எஃகையும், அதைவிட மேலாக அதனைக் காய்ச்சித் தோய்த்து மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்திய பக்குவத்தையும் பொறுத்தது. அலகில் 440சி என்று பொறித்திருந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்கு கரியும் 16 முதல் 18 பங்கு குரோமியமும் கலந்த எஃகு என்று அறிகிறோம். பக்குவம் சரியாயின் அது ராக்வெல் அளவில் 58 முதல் 60 வரை கடினம் பெறும். பக்குவம் தவறினால் அதே எஃகு மெத்தென்று மடங்கும், அல்லது பொடிந்து உதிரும். எஃகின் பெயரைப் பொறிக்கலாம்; பக்குவத்தைப் பொறிக்க முடியாது. அதற்குக் காலம் ஒன்றே சாட்சி.

இங்கே நம் வீட்டுப் பழமொழி ஒன்று இடறுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எல்லாப் பருக்கையும் ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தவை என்பதால் அது மெய். புதியவனின் பட்டறையில் அப்படியன்று. இன்று தோய்த்த அலகும் அடுத்த மாதம் தோய்த்த அலகும் ஒரே பக்குவம் பெறுமா என்பதே அவன் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பாடம். ஒன்று நன்றாயிருப்பதால் நூறும் நன்று என்றோ, ஒன்றின் வில் முறிந்ததால் நூறும் தீது என்றோ சொல்வது, வெவ்வேறு பானைகளில் வெந்த சோற்றை ஒரே பருக்கையால் அளப்பதாகும். ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட 'நார்ஃபோக் கத்தி'யைச் செய்து வைத்தார்கள். வியக்கத்தக்க வேலைதான். ஆனால் அவர்களிடம் ஒரு சாதாரணப் பேனாக் கத்தி வாங்கிய எழுத்தருக்கு அந்த 75 அலகும் எந்த உறுதியும் தரவில்லை. இன்றைய புதியவர்களும் தம் ஆகச் சிறந்த கத்தியையே படம் பிடித்துக் காட்டுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டோம். அதைக் கொண்டு மட்டும் தீர்ப்புரைப்பவரையே குறை சொல்லுவோம்.

இனி, அவன் யார் என்ற வினா. இந்நாளில் தன் பெயரைக் கத்தியில் பொறிப்பவர் அதனை வரைந்தவராக மட்டுமே இருக்கலாம். செய்வது சீனாவின் யாங்ஜியாங் போன்ற நகரங்களிலுள்ள ஆலையாக இருக்கலாம். அங்கே மிக நல்ல வேலையும் நடக்கிறது, மட்டமான வேலையும் நடக்கிறது. ஆலையில் செய்வித்தது குற்றமன்று. ஷெஃபீல்டுப் பெருநிறுவனங்களும் பிறர் கையால் செய்வித்தவையே. தன் கையால் செய்ததாக நினைக்க விட்டு, கைவேலைக்குரிய விலையைப் பெறுவதே குற்றம். எனவே வாங்கும் முன் நேரே கேட்டுவிட வேண்டும்: அலகை யார் தோய்த்தார்கள்? வில் முறிந்தால் மாற்றித் தருவீர்களா? முன்பணம் கேட்டால், எந்த நாளுக்குள் கத்தி வரும், வராவிட்டால் பணம் எப்போது திரும்பும்? நேர்மையாளனுக்கு இவை அவமதிப்பாகத் தோன்றா. சினந்து விடை சொல்பவனிடமிருந்து நாம் ஒன்றைக் கற்றுக்கொள்கிறோம், காசு செலவின்றி.

பிறர் சொல்லைக் கேட்பதிலும் இதே விழிப்பு வேண்டும். கத்தியை இலவசமாகப் பெற்றவர் அதனைப் புகழும்போது, பெற்றதையும் சேர்த்துச் சொல்கிறாரா? பெட்டியைப் பிரித்த அன்றே புகழ்பவர் எதைக் கண்டார்? பெரும் விலை கொடுத்தவர் தம் ஏமாற்றத்தை வெளியே சொல்ல நாணுவதும் உண்டு. அந்த மௌனத்தை நிறைவு என்று எண்ணிவிடலாகாது. இன்னொரு பக்கம், தாம் தொட்டே பாராத ஒரு கத்தியைக் குறித்து 'அவன் சரக்கு சரியில்லையாம்' என்று கைமாற்றி விடுவோரும் இருக்கிறார்கள். அந்த 'ஆம்' விகுதிக்குப் பின்னே ஒளிந்துகொண்டு எத்தனை பேருடைய பிழைப்பைக் கெடுத்திருக்கிறோம் என்று எவர் கணக்கு வைத்தார்?

ஷெஃபீல்டின் ஸ்டான் ஷா 1941-இல், பள்ளி முடித்த சிறுவனாக, ஒரு பழைய கத்தி நிறுவனத்தில் தொழில் கற்கச் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் பிறர் முத்திரைக்காக உழைத்து, 1980-களிலேதான் தனித்துத் தொழில் நடத்தலானார். 2021-இல் அவர் மறைந்தபோது, அவர் கையால் செய்த மடக்குக் கத்திகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் இருந்தனர். அவரிடம் முதன்முதலில் வாங்கியவர் யாராயினும், அவர் மற்றவர்களின் சொல்லை நம்பி வாங்கியிருக்க முடியாது. தம் கண்ணையும் விரலையும் நம்பியே வாங்கியிருப்பார்.

அந்த முதல் வாடிக்கையாளராக இருக்க நம்மில் எவரேனும் முன்வந்தால், விலை குறைந்த கத்தியொன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இழந்தாலும் வருந்தாத தொகையாக இருக்க வேண்டும். ஆறு மாதமேனும் அன்றாட வேலைக்குப் பயன்படுத்திய பின்னரே பிறரிடம் பேச வேண்டும். பேசும்போது, வாங்கியது ஒன்றே என்பதையும், என்ன விலை என்பதையும், எதை அறுத்தோம், எத்தனை முறை சாணை பிடித்தோம் என்பதையும், எந்த மாதத்தில் அச்சாணி தளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தளர்ந்த கத்தியைத் திருப்பி அனுப்பியபின் அவன் விடையெழுத எத்தனை நாள் ஆயிற்று, திரும்பி வந்த கத்தி எப்படி இருந்தது என்பதையும் விடாமல் சொல்லிவிட வேண்டும்.