அரைக்கும் சத்தமும் அளவை நூலும்

வேகம் கூட்டும்போது காரின் முன்பக்கத்தில் கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டால், மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இரண்டு யோசனைகள் உடனே வரும். ஒருவர் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்வார். இன்னொருவர், கண் பட்டிருக்கிறது, முனீஸ்வரருக்குப் பூசை போட்டுச் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கு என்பார். இரண்டையும் செய்பவர்களிடம் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. பூசைக்குப் பிறகும் சத்தம் நிற்காதபோது, “எல்லாம் வினைப்படி நடக்கும்” என்று சொல்லிவிட்டு அதே காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதில்தான் குறை. நடப்பதெல்லாம் வினைப்பயன் என்று நம்புகிற ஒருவருக்குக் காரணத்தைத் தேடும் கடமை உண்டா? உண்டு, அதை விதிப்பது அவருடைய சைவமே என்பது என் துணிபு.

13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாசாரியார், மற்ற எதையும் நிறுவப் புகுமுன் அளவையை எடுத்துக்கொள்கிறார். ஒன்றை அறிந்தோம் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம் என்பதுதான் அளவை. பிறர் கூறிய பல அளவைகளையும் நேரில் காணும் காட்சி, அடையாளத்தைக் கொண்டு அறியும் கருதல், நம்பத்தக்கவரின் சொல்லாகிய உரை என்ற மூன்றுக்குள் அவர் அடக்குகிறார். காட்சி ஐயமும் திரிபும் நீங்கியதாக இருக்க வேண்டும் என்கிறார். கருதலுக்கு அவர் சொல்லும் ஏதுக்களில் இரண்டு நமக்கு இங்கே வேண்டும்: காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிவது, ஒன்று இல்லாமையைக் கொண்டு இன்னொன்றின் இன்மையைத் தெளிவது. அவருடைய குரு மெய்கண்டாரின் சிவஞான போதம் 12 சூத்திரங்களே கொண்ட நூல். அதன் முதல் சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தைக் காரியமாக வைத்து, அதற்கு ஒரு கருத்தா உண்டு என்று நிறுவுகிறது. இறைவனுக்கே இந்த வழியில் சான்று காட்டிய மரபு, சக்கரத்தருகே எழும் ஒரு சத்தத்துக்குக் காரணம் தேடாதே என்று சொல்லுமா?

அந்தச் சத்தத்தை அளவை முறையில் விசாரித்துப் பார்க்கலாம். காரை நிறுத்தி, கியர் போடாமல் எஞ்சினை முடுக்கும்போதும் சத்தம் வந்தால், ஆல்டர்னேட்டர் போல எஞ்சினோடு சுற்றும் பாகங்களையோ, தளர்ந்து அதிரும் வெப்பத் தகட்டையோ சந்தேகிக்கலாம். வராவிட்டால் அந்த இன்மையே ஓர் ஏது: எஞ்சின் வேகம் மட்டும் அதற்குக் காரணமல்ல. அடுத்து, ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். சத்தம் சட்டென்று அடங்கினால், சுமை ஏறும் இடத்தில் கோளாறு: டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க சி.வி. ஜாயிண்ட், கியர்பாக்ஸ், அல்லது கிழிந்துபோன எஞ்சின் மவுண்ட். மவுண்ட் கிழிந்தால் வேகம் கூட்டும்போது எஞ்சின் சாய்ந்து, புகைக்குழாய் அடித்தட்டில் உரசும். காலை எடுத்த பிறகும் சத்தம் நீடித்து, காரின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கர பேரிங்கைப் பார்க்க வேண்டும். இடது வளைவில் பாரம் வலச்சக்கரத்துக்கு மாறுகிறது. அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்க பேரிங்கின் மேல் சந்தேகம் வலுக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல நகர்த்தும்போது டக்டக்கென்று கேட்டால் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட். இவ்வளவுக்கும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை.

சைவ சித்தாந்தம் காரணத்தை முதல், துணை, நிமித்தம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இறைவன் நிமித்தகாரணன் என்பதால் மற்ற இரண்டும் இல்லாமல் போய்விடுவதில்லை. இதை அந்தச் சத்தத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரிகள் உழுதுபோடும் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் சாகாவும் கஞ்சிலும் மைவியும் ஓடுகின்றன. மூன்றுமே முன்சக்கர இழுவைக் கார்கள். சி.வி. ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே சிதறும். மண்ணும் நீரும் உள்ளே போகும். எஃகுக் குண்டுகள் தம் பள்ளங்களையே தின்னும். தேயும் எஃகு முதற்காரணம், கிழிந்த உறையும் செம்மண்ணும் துணைக்காரணம். எலுமிச்சம்பழம் இந்த இரண்டையும் தொடுவதில்லை. தொட வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கேட்கவில்லை. முனீஸ்வரரிடம் கேட்பது காவல்.

அனுபவமுள்ள மெக்கானிக்கின் காது போதாதா என்று கேட்கலாம். அவர் சொல் உரை அளவை. தெரிந்தவர், பொய் சொல்லாதவர் என்றால் கொள்ளத்தக்கது. ஆனால் சத்தம் இரும்பு வழியே ஓடி வேறிடத்தில் பிறந்ததுபோல் கேட்கும். காதுக்கும் திரிபு உண்டு. நல்ல மெக்கானிக் அதனால்தான் காரைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஏழைக்கு இத்தனை ஆராய்ச்சி கட்டுமா என்ற கேள்வியும் நியாயமானது. தோட்டத்துச் சம்பளத்தில் பணத்தைத் தின்பது ஆராய்ச்சி அல்ல. ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றுவது. காலை எடுத்துப் பார்க்க ஒரு வெள்ளிகூட ஆகாது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் இது: பிராரத்தம், அதாவது இப்பிறவியில் அனுபவிக்க வந்த பழவினை, என்றால் அனுபவித்துத்தானே தீர வேண்டும்? பிராரத்தம், இந்தத் துன்பம் ஏன் எனக்கு வந்தது என்ற கேள்விக்குப் பதில் தரலாம். எந்தப் பாகம் தேய்ந்தது என்ற கேள்விக்குத் தராது. அதோடு, வினையில் ஆகாமியமும் உண்டு: இப்போது செய்து இனி அனுபவிக்கப்போவது. சத்தத்தைக் கேட்டும் வாளாவிருப்பவர் பழைய கணக்கைத் தீர்க்கவில்லை, புதிய கணக்கைத் தொடங்குகிறார். முற்றிய பேரிங் சக்கரத்தை ஆட்டம் காணவைக்கும். உடைந்த ஜாயிண்ட் ஓடும் காரின் இழுவையை அறுக்கும். தஞ்சோங் காராங்கிலிருந்து சபாக் பெர்ணம் நோக்கிப் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவர், அந்தக் கணக்கில் பங்கு கேட்டவர் அல்லர்.