மனை விற்பவரின் மௌனம்

குன்றத்தூருக்கு அருகே மனை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மகளின் திருமணத்துக்காக அதை விற்கப்போகிறார். ஒரகடத்து மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞன், திண்டுக்கல் பக்கத்தவன், முன்பணத்தோடு நிற்கிறான்.

"2015 வெள்ளத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது. அவன் அதைப்பற்றிக் கேட்கவில்லை. நானாகச் சொல்லத்தான் வேண்டுமா?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. நண்பர் பொய் சொல்கிறவர் அல்லர். கேட்டால் மறைக்கவும் மாட்டார். கேளாத கேள்விக்கு விடை சொல்லும் கடமை உண்டா என்பதுதான் அவருடைய சிக்கல்.

குன்றத்தூரைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மலை என்று சொல்ல முடியாத சிறு குன்று. உச்சியில் முருகன் கோயில். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. நிரம்பினால் 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி நீர். அதன் உபரிநீர் குன்றத்தூர் வட்டாரத்தின் வழியாக ஓடித் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. அந்தத் திருநீர்மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்று தலவரலாறு கூறும். வரலாறோ, புராணமோ, நீர் வரும் வழியை முன்னோர்கள் ஊரின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஏரி என்றும் தாங்கல் என்றும் முடியும் பெயரைக் கேட்டாலே அந்தக் காலத்து மனிதன் வீடு கட்டத் தயங்கியிருப்பான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டபோது, அந்தப் பெயர்களை மறந்திருந்தவர்கள் மாடியில் நின்றார்கள்.

இந்த ஊர்தான் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழனின் அமைச்சராக இருந்தவர். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்மீது கொண்ட பற்றினால், அதே பெயரில் இங்கும் ஒரு கோயில் எடுப்பித்தார் என்பார்கள். அவரைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்றும் உண்டு. மலையைவிடப் பெரியது எது, கடலைவிடப் பெரியது எது, உலகைவிடப் பெரியது எது என்று மன்னன் கேட்டனுப்ப, சிறுவனான சேக்கிழார் மூன்றுக்கும் திருக்குறளிலிருந்தே விடை எழுதினாராம். தன் நிலையில் திரியாமல் அடங்கியவனின் தோற்றம் மலையினும் பெரிது. பயனை எடைபோடாமல் செய்த உதவி கடலினும் பெரிது. உரிய காலத்தில் செய்த உதவி உலகினும் பெரிது.

மூன்றாவது விடையில்தான் என் மனம் நின்றது. பத்திரம் பதிவாகுமுன் சொல்லும் ஒரு சொல்லும், பதிவான மறுநாள் சொல்லும் அதே சொல்லும் ஒன்றா?

"நான் வாங்கியபோது எனக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டார் நண்பர். நியாயமான கோபம். வாங்குகிறவன் விசாரித்துக்கொள்ள வேண்டியதுதானே என்றும் வாதாடினார். உள்ளூர்க்காரனாக இருந்தால் அந்த வாதம் செல்லும். திண்டுக்கல்லிலிருந்து வந்தவன் எந்த வாய்க்காலைக் கண்டான்? கோடையில் பார்த்தால் அது வெறும் முட்புதர். அந்த மண்ணைப் படிக்கத் தெரிந்தவர் பேரத்தில் விற்பவர் ஒருவரே. அவர் வாய் மூடினால், அந்த மௌனத்துக்கும் சேர்த்து இளைஞன் விலை கொடுக்கிறான். தவணை கட்டப்போவதும் அவன்தான்.

இதைச் சொல்வது எனக்கு எளிது. மகள் திருமணம் என்னுடையதன்று. பக்கத்து மனைக்காரர்கள் வாய் திறவாமல் முழு விலைக்கு விற்பார்கள். உண்மை சொல்கிறவருக்குத்தான் நட்டம். அதையும் நண்பரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். இளைஞனிடம் சொல்லிவிட்டாராம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எவ்வளவு உயரம் வந்தது சார்? கடைக்காலை மூன்றடி தூக்கினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறான். பிறகு விலையைக் குறைக்கச் சொன்னானாம்.

"எவ்வளவு குறைத்தான் தெரியுமா?" என்று ஆரம்பித்தார் நண்பர். குரலில் கோபம் இன்னும் ஆறவில்லை.