முழுப்பேர்

சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வின் முடிவு வருகிற நாளில் எங்கள் சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இரண்டு பேச்சுகள் கேட்கும். இடம் கிடைத்த வீட்டில், "ஆண்டவர் குடுத்தாரு சார்." கிடைக்காத வீட்டில், "அவன் தலையில எழுதல சார்." ஒன்று நன்றியில் சொல்வது, மற்றொன்று துக்கத்தில் சொல்வது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: பத்து வயதுப் பையன் கருப்பு மையால் வட்டங்களை நிரப்பிய அந்தத் தாளின் வழியாகக் கடவுள் தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கை. இதை நான் ஏற்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும் ஏற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்ன ஆலயத்தில் வேதபாடம் சொல்கிறவன் என்ற முறையிலும் ஏற்கவில்லை.

முதலில் தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமராவதிநகர் சைனிக் பள்ளி உடுமலைப்பேட்டை வட்டாரத்தில், அமராவதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1962 ஜூலை 16இல் தொடங்கியது. அதுவரை ராணுவ அதிகாரிகள் வசதியுள்ள குடும்பங்களிலிருந்தும் குறிப்பிட்ட சில பகுதிகளிலிருந்துமே வந்துகொண்டிருந்தார்கள். சாதாரண வீட்டுப் பையனும் அதிகாரியாக வேண்டும் என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் காலத்தில் வந்த திட்டம் அது. 2021 வரை பையன்களுக்கு மட்டுமே அங்கே இடம். ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மொத்தம் 300 மதிப்பெண். அதில் பாதி, 150, கணக்குக்கு. ஐம்பது கேள்வி, கேள்விக்கு மூன்று மதிப்பெண். மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றும் சேர்ந்து மீதிப் பாதி.

அதனால்தான் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். பள்ளி விட்டதும் வந்து உட்காருவார்கள். வெளிச்சம் குறைவதற்குள் அனுப்பிவிட வேண்டும், பாதையில் யானை நிற்கும். ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் பல நாள் வகுப்பே கிடையாது. சமவெளியில் இதே தேர்வுக்கென்றே நடக்கும் பயிற்சி விடுதிகளில் வருடம் முழுக்கத் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பையன்களும் ஒரே தாளைத்தான் நிரப்புகிறார்கள். மதிப்பெண் பொய் சொல்வதில்லை. அன்றைக்கு அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை அது நியாயமாகவே சொல்கிறது. அதற்கு மேல் எதையும் அதனிடம் கேட்கக் கூடாது. கடைசி இடத்தைப் பெற்றவனுக்கும் அவனுக்கு அடுத்து நின்றவனுக்கும் நடுவில் சில வருடம் ஒரே ஒரு கேள்வி இருக்கும். ஒரு விகிதக் கணக்கு. அந்த மூன்று மதிப்பெண்ணில் ஒருவன் பாக்கியவான், ஒருவன் பாவி என்று யார் பிரித்தது?

அமெரிக்காவில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635இல் தொடங்கியது, 1972 வரை பையன்களுக்கு மட்டும். நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் பள்ளி 1969 வரை அப்படி. 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் பொருளாதார அறிஞர்கள் மூவர் வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே இருந்து உள்ளே போனவர்களையும், சற்றுக் கீழே இருந்து வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னாளில் இரு தரப்பின் தேர்ச்சியிலும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்ட பள்ளி நல்ல தேர்ச்சியைக் காட்டுகிறது, அந்தத் தேர்ச்சியில் எவ்வளவு பள்ளியுடையது என்பது வேறு கேள்வி. நம்மூர்ப் பள்ளிகள் வாசலில் கட்டும் 'நூறு விழுக்காடு' பேனர்களைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது. ஆனாலும் அந்த ஆய்வை அப்படியே எங்கள் ஊருக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை. பாஸ்டனில் வெளியே நின்ற பையனுக்குப் போக வேறு பள்ளிகள் இருந்தன. சேரங்கோட்டில் வெளியே நிற்கிற பையன் நிஜமாகவே வெளியே நிற்கிறான். அவனுக்கு நூலகம், விளையாட்டுத் திடல், மூன்று வேளைச் சாப்பாடு, ஆங்கிலம் பேசும் நண்பன் எல்லாம் அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருக்கின்றன. இடம் கிடைப்பது பெரிய விஷயம். பெரிய விஷயமாக இருப்பதால்தான் அதைத் தீர்ப்பாகப் படிக்கும் ஆசையும் வருகிறது.

எங்கள் நீலகிரி மாவட்டத்திலேயே ஒரு பள்ளி வேறு அளவுகோலோடு தொடங்கியது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளியை இன்று எல்லாரும் வசதியானவர்களின் பள்ளியாகவே அறிவார்கள். 1858இல் அது லாரன்ஸ் அசைலம். வெள்ளைக்கார ராணுவச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக, முக்கியமாக அப்பனை இழந்த பிள்ளைகளுக்காகத் திறந்த இல்லம். அன்றைக்கு அந்த வாசலில் நின்ற பையனிடம் யாரும் விகிதக் கணக்கு கேட்கவில்லை. உன் அப்பன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார்கள். இந்த நாட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும், தேவையே தகுதியாக இருக்கிற ஒரு வாசல் இந்த மலையில் இருந்திருக்கிறது.

தேர்ந்தெடுக்கப்படுவது என்றால் என்ன என்று எங்கள் ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்து, 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஹட்டன் பக்கத்து லயத்தில் எங்கள் அப்பாவுக்கு இந்தியா என்று வந்தது. அடுத்த காம்பராவில் இருந்த சித்தப்பாவுக்கு இலங்கை. இருவரும் காலையில் ஆள் எண்ணும் ஒரே பெரட்டுக்குப் போனவர்கள், ஒரே மலையில் கவ்வாத்து வெட்டியவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டத்துக்கு வேலையாட்களாக இங்கே வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது பத்து வயது, இன்று தேர்வு எழுதப் போகிற பையன்களின் வயது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் கோடு போட்டது அவர்களுடைய புண்ணியமா, பாவமா? ஓர் அதிகாரியின் மேசையில் இருந்த விண்ணப்பம். அதில் ஆண்டவரின் விரலைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்களும் பட்ட பாட்டில் அவர் கூட இருந்தார் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்துக் கதையை நான் லைன் வீடுகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தோட்டக்காரன் விடியற்காலையில் சந்தைக்குப் போய் ஆள் பிடிக்கிறான். ஒன்பது மணிக்கும், நடுப்பகலுக்கும், மூன்று மணிக்கும் போகிறான். வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போய் ஆள் கூட்டி வருகிறான். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே கூலி. படித்தவர்கள் கூடும் இடத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள். எங்கள் பெண்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சிலோனில் கொழுந்து பறித்து வளர்ந்த பாட்டி ஒருவர் கேட்டார்: "விடிய எந்திரிச்சு மலை ஏறுனவளுக்கும் முழுப்பேரு, பொழுது சாய வந்தவளுக்கும் முழுப்பேரா? அந்தத் தொரைக்குக் கணக்குத் தெரியாதா தம்பி?" அங்கே முழு நாள் கூலிக்கு முழுப்பேர் என்று பெயர், நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவான். நாள் முழுக்க மழையில் நின்றும் அரைப்பேர் வாங்கியவர் அவர். அவருக்கு இப்படிக் கேட்க முழு உரிமை உண்டு.

நான் அவருக்குச் சொன்னது இது. கடைசியில் வந்தவர்களிடம் தோட்டக்காரன், ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். சோம்பி நின்றவர்கள் என்று கதை சொல்லவில்லை. விடியற்காலையிலிருந்து காத்து நின்றவர்களாகவும் இருக்கலாம். மற்றவர்கள் வேலையில் வியர்த்தார்கள், இவர்கள் வேலை கிடைக்குமா என்ற பயத்தில் வியர்த்தார்கள். இரண்டு வீட்டிலும் அன்று இரவு உலை வைத்தாக வேண்டும். அந்த ஒரு பணம் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. அதில் பாதியைக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் பட்டினி. தோட்டக்காரனுக்குக் கணக்குத் தெரியும் பாட்டி, அவன் கொழுந்தை நிறுக்கவில்லை, பசியை நிறுத்தான்.

பாட்டி சமாதானமாகவில்லை. அப்படியானால் நாளைக்கு யார் விடியற்காலையில் வேலைக்கு வருவார்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு பள்ளி அந்தத் தோட்டம் போல நடக்க முடியாது. இருக்கிற இடம் கொஞ்சம், வருகிற பிள்ளைகள் ஏராளம். ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும். எழுதுகிறவனின் பெயரும் சாதியும் திருத்துகிறவனுக்குத் தெரியாத தேர்வு, சிபாரிசுக் கடிதத்தைவிட நூறு மடங்கு மேல். தேர்வை ஒழிக்கச் சொல்லவில்லை நான். பையன்களை அதற்குத் தயார் செய்வதே என் வேலை. மனிதர்கள் இடத்தைப் பங்கிடும் அளவுகோலும், கடவுள் மனிதரை மதிக்கும் அளவுகோலும் ஒன்றாகிவிடக் கூடாது. என் வாதம் அவ்வளவுதான்.

இதைப் பற்றிப் பேசும்போது என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர், வைணவர், கடவுள் உயிரை மீட்பது எப்படி என்ற தங்கள் பழைய வழக்கு ஒன்றைச் சொன்னார். வடகலையாருக்குக் குரங்குக்குட்டி உதாரணம்: குட்டிதான் தாயின் வயிற்றை இறுகப் பற்ற வேண்டும், உயிரின் பங்காக ஒரு சிறு முயற்சியாவது வேண்டும். தென்கலையாருக்குப் பூனைக்குட்டி: அது ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்வித் தூக்கும். நுழைவுத்தேர்வு குரங்குப் பக்கம் என்றார் அவர், சரிதான். ஆனால் நான் பூனையைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். தாய்ப்பூனை ஒரு குட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. அடுத்ததைத் தூக்குகிறது. பழைய இடத்தில் ஒன்றும் மிச்சமில்லாத வரைக்கும் நடக்கிறது. பள்ளி ஒரு முறை வந்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு போகிறது, மற்றவனுக்காகத் திரும்பி வருவதில்லை. பள்ளி செய்வதைக் கிருபை என்று சொல்ல என் வாய் வராததற்குக் காரணம் இதுதான்.

கிடைத்தவனுக்கு வேறு ஆபத்து. விடுதிப் பள்ளி ஒன்றில் இடம் பிடித்த எங்கள் பையன் விடுமுறைக்கு வந்திருந்தான். பளபளக்கும் ஷூ, நிமிர்ந்த நடை, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. கூடப் படித்தவர்களைப் பற்றிக் கேட்டபோது, "அவனுங்களுக்கு வராது சார்" என்றான். அவனுக்கு வெறுப்பு எதுவும் இல்லை, நிஜமாகவே அப்படி நம்பத் தொடங்கியிருக்கிறான். இங்கிலாந்தில் பதினோரு வயதிலேயே பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பிரித்த காலத்தில், 1958இல், மைக்கேல் யங் என்பவர் ஒரு கற்பனை நூலில் இதை எச்சரித்தார். தகுதியால் வென்றோம் என்று நம்புகிறவர்களுக்குத் தோற்றவர்கள் மேல் இரக்கம் வற்றிவிடும், தோற்றவர்களுக்குத் தங்கள் மேலேயே மரியாதை போய்விடும். பிறப்பால் தாழ்ந்தவன் போன பிறவியில் செய்ததை அனுபவிக்கிறான் என்று கேட்டுக் கேட்டுத் தழும்பேறிய காதுகள் எங்களுடையவை. அதே பேச்சு மதிப்பெண் பட்டியலாக மறுபடியும் வந்தால் நாங்கள்தான் முதலில் அடையாளம் காண வேண்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில், உன்னிடம் இருப்பதில் நீ வாங்கிக்கொள்ளாதது எது என்கிற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். கிருபையைப் பற்றிப் பெலேஜியுஸோடு நடந்த நீண்ட வாதத்தில் அகுஸ்தீன் திரும்பத் திரும்ப எடுத்தது அந்த இடத்தைத்தான். அந்தப் பையனோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். அம்மா பெரட்டுக்குப் போகும் முன் சோறு கட்டிவைத்தது, அக்கா பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனது, கணக்கு ஏறும் மூளை. இதில் எதை நீ சம்பாதித்தாய்? உழைத்தாய், உண்மை. உழைக்க வைத்தவர்கள் யார்? அவன் பேசவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான். இடம் அவன் கையில் கொடுத்துவைத்த சொத்து. அக்காவுக்கும் இந்த லைனுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வரிசையிலேயே வராதவர்களும் இருக்கிறார்கள். எங்களைச் சுற்றியுள்ள பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளின் பிள்ளைகள். பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. விண்ணப்பம் போட ஆள் வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், இணையம் வேண்டும், ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் நிற்க ஒரு காரணம் வேண்டும். சந்தையில் நாள் முழுக்க நின்று, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று சொன்னவர்களுக்கு இந்தத் தாலுகாவில் முகம் தேட வேண்டுமென்றால் நான் அங்கேதான் போவேன்.

போன முறை இடம் கிடைக்காத பையனின் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையெழுத்து இல்லை அம்மா, இது தீர்ப்பு இல்லை, ஆண்டவர் உங்கள் பிள்ளையை ஒதுக்கவில்லை என்றேன். அவர் கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரிங்க சார். ஒதுக்கலன்னா அவனுக்கு இங்க என்ன வச்சிருக்கீங்க?" என்றார்.

ஆண்டவர் என்ன வைத்திருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை, நாங்கள் என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்டார். அதற்கு என்னிடம் இருக்கிற பதில் சின்னது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு நுழைவுக்கு சைனிக் தேர்வே மறுபடி உண்டு. அதில் கணக்குக்கு 200 மதிப்பெண், தாள் முழுக்க ஆங்கிலத்தில் வரும். அதனால் இந்த ஜூனிலிருந்து கணக்கோடு ஆங்கிலமும் சேர்த்திருக்கிறோம். கூடலூரில் கல்லூரிக்குப் போகும் எங்கள் லைன் பெண் ஒருத்தி சனிக்கிழமைகளில் வந்து எடுக்கிறாள். அக்கம்பக்கத்துக் காலனிப் பிள்ளைகளை அழைத்துவரவும் கொண்டுபோய் விடவும் ஒரு ஜீப் வாடகைக்குப் பேச வேண்டும். ஆலயக் கமிட்டியில் கேட்டிருக்கிறேன். பணம் பிரிக்கலாம் என்றிருக்கிறார்கள், யார் யாரிடம் என்று இன்னும் முடிவாகவில்லை.